கேட்காமல் எடுத்த வாய்

இரவு ஒரு மணி. நம் ரங்கூன் க்யிம்யிண்டைங் படகுத்துறைக்குப் போகிற ரோட்டில் ஈ காக்கை இல்லை. ஒரே ஒரு ஆள் நடந்து போகிறான்... ஆற்றுச் சேறும் கருவாடும் கலந்த வாடை. கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், மெழுகுவர்த்தியை ஊதி விடாதீர்கள். இது கட்டுக்கதை இல்லை. நம் ராணி இருக்கிறாளே, அவள் தங்கை விஜயகுமாரியின் புருஷன் கார்த்திகேசனுக்கு நடந்தது.

அந்த நேரத்தில் ஏன் போனான்? அந்தப் பக்கம் கரண்ட் வருவதே ஒரு மணிக்குத்தான். ஒரு கிடங்கு மாடியில் அவனுக்கும் கூட்டாளி தேவராஜுக்கும் ஒரு ரூம், சுவர் பூரா பழைய மெத்தை. அந்தக் கால அமெரிக்கக் கறுப்பு வெள்ளைப் படங்களுக்கு நம் ரங்கூன் தமிழில் குரல் கொடுத்து, ஊர் பார்க்கத் துண்டு துண்டாகப் போனில் ஏற்றுவார்கள். கதாநாயகனுக்குக் கார்த்திகேசன். கணீரென்ற குரல். தேவராஜ் பேசுவது ஆர்ச்சி பெல்டன் என்கிற குள்ளக் காமெடியனுக்கு.

இந்த ஆர்ச்சி ஒரு படத்தில் லிப்ட்காரன், இன்னொன்றில் சூப்பைக் கொட்டுகிற சர்வர், அடுத்ததில் கதாநாயகனின் பயந்தாங்கொள்ளி சிநேகிதன். பெயர் எப்போதும் கடைசியில்தான் வரும். ஆனால் அவன் வந்து நின்றுவிட்டால் கதாநாயகனை ஒருத்தரும் பார்க்க மாட்டார்கள். ஒரே ஒரு தடவை, பிள்ளையைப் பறிகொடுத்த அப்பனாக நடித்தானாம். அழுவதற்கு வாயைத் திறந்தான்... தியேட்டரே சிரித்ததாம். அதோடு சரி. சாகிற வரைக்கும் சர்வர்தான்.

இங்கேயும் அதே கதை. "குள்ளனுக்குக் குரல் யாரு?" என்றுதான் பார்த்தவர்கள் எல்லாம் எழுதினார்கள். கார்த்திகேசனை ஒரு நாய்கூடக் கேட்கவில்லை. அதையாவது பொறுத்துக்கொண்டான். ஒரு நாள் ராத்திரி விஜயகுமாரி போர்வைக்குள் போனை வைத்துக்கொண்டு தேவராஜ் பேசியதைத் திரும்பத் திரும்பப் போட்டுச் சிரித்தாள். தான் சொன்ன எதற்கும் அவள் அப்படிச் சிரித்ததில்லை. அன்றைக்கு அவனுக்கு வயிறு எரிந்தது பாருங்கள், அது அணையவே இல்லை.

தேவராஜிடம் ஒரு வழக்கம். இந்த ஊர் பர்மாக்காரர்கள் நாட் என்கிற ஆவிச் சாமிக்குப் படைக்கிற மாதிரி, மைக் முன்னால் உட்காரும்போது ஆர்ச்சி முகத்துக்கு எதிரே ஒரு வாழைப்பழம் வைப்பான். "அண்ணே, ஒங்க வாயக் கொஞ்சம் குடுங்க" என்பான். பேசி முடித்ததும் "இந்தாங்கண்ணே" என்று கும்பிட்டு எழுந்திருப்பான்.

"செத்த வெள்ளக்காரனுக்கு வாழப்பழமாடா?" என்று கார்த்திகேசன் கிண்டல் பண்ணுவான்.

"இருக்கட்டும் கோ கார்த்தி. அவரோட வாய்தானே அது?" பர்மாக்காரர் மாதிரி, அண்ணன் என்பதற்குக் 'கோ' போடுவான் தேவராஜ்.

நான் முதலில் சொன்ன அந்த ராத்திரி, தேவராஜ் மாவ்பியில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டான். முந்தின நாள் வைத்த பழம் அங்கேயே இருந்தது. கார்த்திகேசன் அதை உரித்துத் தின்றான். தோலை ஜன்னல் வழியே எறிந்தான். அந்தப் படத்துக்குத் தேவராஜ் பேசி வைத்திருந்ததை முழுசாக அழித்தான். பிறகு மைக்கைப் பிடித்து, ஆர்ச்சிக்குத் தானே பேசினான். முதல் வரி...

பின்னால் யாரோ மூக்கால் சிரித்தார்கள். "ஹ்ம்க்."

திரும்பினான். மெத்தைச் சுவர்தான். ஆனால் ஒரு வாசனை... முகத்தில் பூசுகிற பவுடர். இங்கே எல்லாரும் பூசுகிற தனக்கா மரப்பட்டைச் சாந்து இல்லை. பெட்டியில் ரொம்ப நாள் பூட்டிக் கிடந்த பவுடர். படத்தை நிறுத்தினான். கதாநாயகன் நின்றான், கொட்டுகிற சூப் நின்றது. சர்வர் ஆர்ச்சி மட்டும் மெதுவாக இவன் பக்கம் முகத்தைத் திருப்பி, வாயை மூடிக்கொண்டான்.

வேறு யாராவது என்றால் ஓடியிருப்பார்கள். பொறாமை பிடித்தவனுக்குப் பயம் அவ்வளவு சீக்கிரம் வராது. முடித்துப் போனில் ஏற்றிவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தான்.

விடிந்தது. "விஜயா, டீ குடு" என்றான். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அவனுக்கு உச்சி குளிர்ந்தது! டீக்கடையில் சிரித்தார்கள். லத்தாவில் அவன் வேலை செய்கிற கடையில் முதலாளியே சிரித்தார். போனில் ஊரே சிரித்தது. நான்கைந்து நாள் ராஜா மாதிரி திரிந்தான்.

அப்புறம் தெருவில் காளியம்மாவின் மகன் இறந்துபோனான். சின்ன வயது. கார்த்திகேசன் போய், "மனசு தாங்கலம்மா" என்றான். பாடையைச் சுற்றி நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். காளியம்மா... அவளும்தான். சிரித்துக்கொண்டே இவனை அடித்து வெளியே தள்ளினாள்.

நேராக தேவராஜிடம் ஓடினான். "டேய், ஒம்மேல பொறாமப்பட்டுத்தான் செஞ்சேன். இத எங்கிட்டேருந்து எடுத்துர்றா..."

தேவராஜ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். கண்ணில் மட்டும் சிரிப்பில்லை, பயம். அன்றே ஒரு சீப்புப் பழம் வாங்கிப் போய் படத்தின் முன் வைத்தான், கெஞ்சினான். படத்தில் சர்வர் வாயைத் திறக்கவே இல்லை.

அதன் பிறகு கார்த்திகேசன் பேச்சை விட்டான். எல்லாம் ஜாடைதான். சாப்பிடும்போதுகூட வாயைக் கையால் மறைத்துக்கொள்வான்.

போன மழைக்காலத்தில் விஜயகுமாரி ராணி வீட்டுக்கு வந்திருந்தாள். அவன் தனியாக இருந்தான். ராத்திரி மார்பைப் பிடித்துக்கொண்டது. வாசலுக்கு வந்து, "ஐயோ, யாராவது வாங்களேன்" என்று கத்தினான். எதிர்வீட்டில் விளக்கு எரிந்தது. ஜன்னல் திறந்தது. குடும்பமே நின்று சிரித்தது... அவன் படியில் சரிகிற வரைக்கும். காலையில் அந்த வீட்டு அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். ஏன் சிரித்தோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

விழுவதற்கு முன் பெண்டாட்டிக்குப் போனில் பேசி அனுப்பியிருந்தான். அவள் தூங்கிவிட்டாள், கேட்கவில்லை. அஸ்தியை ஆற்றில் கரைத்துவிட்டு வந்த அன்றுதான் அதைப் போட்டாள். ராணி பக்கத்தில் இருந்தாள். "விஜயா, மூச்சு முட்டுது... நீ வந்துரும்மா... பயமா இருக்கு..." அவ்வளவுதான்.

முதல் வார்த்தைக்கே விஜயகுமாரி முந்தானையால் வாயைப் பொத்தினாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது. தோள் குலுங்குகிறது. ராணி போனைப் பிடுங்கப் போனாள்.

அவள் தரவில்லை. போர்வையை இழுத்துத் தலைவரை மூடிக்கொண்டு... மறுபடியும் போட்டாள்.