ஆஸ்திரேலியாக்காரி

— போதும் மாப்ள, ஸ்பிரேயரைக் கீழ வைங்க. தட்டுல விதையெல்லாம் நீச்சல் அடிக்குது.

— மேல் மண்ணு காஞ்ச மாதிரி இருந்துச்சு அத்தை.

— சவுக்கு விதை நொய்யரிசி மாதிரி. இப்படி ஊத்தினா எல்லாம் ஒரே மூலைக்குப் போய்க் குடும்பம் நடத்தும்.

— முளைச்சா நடத்தட்டும்.

— முளைக்கும், முளைக்கும். ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காருங்க. டீ ஆறுது.

— ஆபீஸ்ல கூப்பிட்டாங்க.

— அந்தப் புது ஊர் வேலையா?

— திங்கக்கிழமை சேரணுமாம். இல்லன்னா வேற ஆளைப் போட்டுருவாங்க.

— நீங்க என்ன சொன்னீங்க?

— சரின்னேன்.

— ம்.

— ஒரு கன்னு எடுத்துட்டுப் போகலாம்னு இருந்தேன். அவ வச்ச மரத்தோடது. ஒண்ணே ஒண்ணு.

— நம்ம நர்சரிக்கு வர்ற பொம்பளப் புள்ளைங்க மல்லிகை கேக்கும், ரோஜா கேக்கும். என் பொண்ணு ஆஸ்திரேலியச் சவுக்கு கேட்டா. பள்ளிக்கூட யூனிபாரத்தோட குழி தோண்டி நட்டா. அதுக்கு ஆஸ்திரேலியாக்காரின்னு பேரு வேற வச்சா.

— என்கூட சண்டைன்னா அந்த மரத்தடியிலதான் வந்து உக்காருவா. காத்தடிச்சா கடல் சத்தம். கோவம் தீர்ந்ததும் போன் பண்ணுவா, 'வாங்க, கடல் வந்திருக்கு'ன்னு.

— இப்பவும் வருது மாப்ள. அவளும் போயிட்டா, புயல்ல மரமும் சாஞ்சிருச்சு. சத்தம் மட்டும் வழி தெரியாம இங்கயே சுத்துது.

— எனக்கும் கேக்குது. நிழலுக்குக் கட்டின பச்சை வலை ஆடுதுன்னு நெனச்சேன்.

— வலை இவ்வளவு நீளமா மூச்சு விடாது.

— அந்த ஊசி இலையைக் கணுவுல கழட்டுவா. மறுபடி சொருகிட்டு, எங்க கழட்டினேன்னு கேப்பா. ஒரு தடவைகூட நான் சரியாச் சொன்னதில்ல.

— நான் மட்டும் சொன்னேனாக்கும். மாப்ள...

— சொல்லுங்க.

— கோவிச்சுக்காதீங்க. விதைக்கிற அன்னிக்கு, கெட்டில்ல இருந்து வெந்நீரை விதை மேல ஊத்தினீங்கள்ல?

— அவ ஊத்துவாளே. அதைப் பாத்துதான்.

— அவ ஊத்தினது கொன்றைக்கு. அதோட தோலு கல்லு மாதிரி. இது மெல்லிசு விதை, அவிஞ்சு போயிரும். ஜன்னல்ல நின்னு பாத்தேன். நான் வாயைத் திறக்கறதுக்குள்ள ஊத்திட்டீங்க.

— அப்புறமும் ஒண்ணும் சொல்லலியே அத்தை.

— சொன்னா மறுநாளே பெட்டியைக் கட்டியிருப்பீங்க. அப்புறம் சாயங்காலம் இந்த ஸ்டூல்ல யாரு வந்து உக்காருவா? யாருக்கு நான் டீ போடுவேன்? அவிஞ்ச விதைக்கு உங்களைத் தண்ணி ஊத்த விட்டுட்டுப் பாத்துக்கிட்டு இருந்தேன், பாவி.

— விடுங்க அத்தை.

— கையை நீட்டுங்க. சாஞ்ச மரத்துல பறிச்ச காய்ல ஒண்ணை அன்னிக்கே தனியா எடுத்து, இந்தக் காகிதக் கவர்ல போட்டு ஒளிச்சு வச்சேன். தானா வாயைத் திறந்து விதையைக் கொட்டியிருக்கு. காதுகிட்ட வச்சு ஆட்டிப் பாருங்க.

— கடல் மாதிரி இருக்கு.

— போற ஊர்ல விதைங்க. மரத்தடி மண்ணும் ரெண்டு கை அள்ளிட்டுப் போங்க, அது கலந்தாத்தான் வேர் தெம்பாப் பிடிக்கும். வெந்நீர் மட்டும் வேண்டாம், ராசா.

— தெரியும் அத்தை. அன்னிக்குக் கெட்டிலைக் கீழ வச்சதுமே போன்ல படிச்சுட்டேன், இனி இது முளைக்காதுன்னு.