மஃரிப் வரைக்கும் ஒரு இளநி

மெஹர் நிஷா: என்ன மச்சான், இளநி அப்படியே இருக்கு? நீங்க வர்றீங்கன்னு நம்ம கேட்டி ஊர்லேருந்து ஹில்க்ராஃப்ட் இந்தியன் கடை வரைக்கும் டிரைவ் பண்ணி வாங்கிட்டு வந்தேன்.

இனாயத்துல்லா: வேணாம் மெஹர்.

மெஹர் நிஷா: இளநின்னா உசுர விடுற ஆளு! வேலைக்குப் போன தீவுல குடிச்சுக் குடிச்சுச் சலிச்சிருச்சோ?

இனாயத்துல்லா: அங்க எவனும் குடிக்க மாட்டான். அந்தக் காலத்துல பக்கத்துல அணுகுண்டு வெடிச்சுப் பார்த்தாங்கல்ல… மண்ணுல இருக்கிற விஷத்த மரம் உறிஞ்சிரும்.

மெஹர் நிஷா: அதத்தானே கிளீன் பண்ணப் போனீங்க?

இனாயத்துல்லா: பண்ணியாச்சு. வீடுகளச் சுத்தி மேல்மண்ண வழிச்சு எடுத்துட்டு, பவளக்கல் ஜல்லி கொட்டியாச்சு. மரத்துக்கெல்லாம் பொட்டாஷ். உரம் கிடைச்சா மரம் விஷத்த அவ்வளவா எடுக்காது. சேஃப்னு ரிப்போர்ட்ல கையெழுத்துப் போட்டதே நான்தான்.

மெஹர் நிஷா: அப்புறம் என்ன?

இனாயத்துல்லா: திரும்பக் குடி வரலாமான்னு பார்க்க ஒரு குடும்பம் போட்ல வந்துச்சு. ஒரு பெரியவரு, அவர் மக… எட்டு மாச வயிறு. பிள்ளைய சொந்த மண்ணுல பெத்துக்கணும்னு ஆச. பெரியவர் இளநி ஒண்ண வெட்டி நீட்டி, "நீ இதக் குடிச்சுக் காட்டு, நாங்க திரும்பக் குடி வந்துடறோம்"னாரு.

மெஹர் நிஷா: குடிச்சீங்களா?

இனாயத்துல்லா: …நோம்புன்னு சொல்லிட்டேன்.

மெஹர் நிஷா: ரமலான் முடிஞ்சு எத்தன மாசமாச்சு! பொய் நோம்பா… அஸ்தஃபிருல்லாஹ்!

இனாயத்துல்லா: வாய்ல வந்துருச்சு. எப்ப திறப்பேன்னு கேட்டாங்க. மஃரிபுக்குன்னேன். என்கூடவே உக்காந்துட்டாங்க… ஒண்ணும் சாப்பிடாம.

மெஹர் நிஷா: அந்தப் புள்ளத்தாச்சியுமா?

இனாயத்துல்லா: அவளும்தான். சூரியன் இறங்கினதும் அவளே இளநிய என் கையில கொடுத்தா.

மெஹர் நிஷா: …குடிச்சிட்டீங்க.

இனாயத்துல்லா: பிஸ்மி சொல்லிக் குடிச்சேன். அடுத்த போட்லயே குடி வந்துட்டாங்க.

மெஹர் நிஷா: நல்லதுதானே? உங்களுக்கும் ஒண்ணும் ஆகலயே.

இனாயத்துல்லா: ஒரு இளநியில எனக்கு என்ன ஆகும்? அவங்க காலம் பூரா குடிக்கணும். மீட்டர் சேஃப்னுதான் காட்டுது… மனசுதான் கேக்க மாட்டேங்குது.

மெஹர் நிஷா: மனசு கிடக்கட்டும். அடுத்த ட்ரிப்புக்கு என்னையும் கூட்டிட்டுப் போறதா காலிங் கார்டு தீர்ற வரைக்கும் ஃபோன்ல சொன்னீங்களே?

இனாயத்துல்லா: ஆமா, பிள்ள பொறந்ததும் பார்க்க நீ வருவேன்னு அந்தப் புள்ளத்தாச்சிகிட்டயே சொல்லிட்டேன். டிக்கெட் போட்டுறவா?

மெஹர் நிஷா: போடுங்க. ஆனா… டாக்டர்கிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கணும்.

இனாயத்துல்லா: ஏன், உடம்புக்கு என்ன?

மெஹர் நிஷா: நேர்ல சொல்லலாம்னு வச்சிருந்தேன்… நாள் தள்ளிப் போயிருக்கு மச்சான்.

இனாயத்துல்லா: மெஹர்! அல்ஹம்துலில்லாஹ்… எத்தன வருஷ துஆ… நீ வர வேணாம்! அந்தத் தீவுல நீ காலே வைக்கக் கூடாது!

மெஹர் நிஷா: …அங்க இருக்கிற அவளுக்கு இது ஒம்பதாம் மாசம், மச்சான்.