உசுர எடுக்காதாம்

நிவித்திகல பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் தோட்டத்துப் பெண்கள் இருவர், இரத்தினபுரி கிளினிக்கிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தார்கள்.

“நேத்தும் காதுத் தோட்டக் கழட்டி மக கையில குடுத்துட்டேன்க்கா,” என்றாள் இளையவள்.

மூத்தவள் சிரித்தாள். “சாகப்போறேன்னு இன்னும் எத்தன தடவ குடுப்ப? பேசாம அவளுக்கே போட்டு விட்டுரு.”

“சிரிக்காதீங்க. நெஞ்சு படபடன்னு அடிச்சு, மூச்சே நின்னுரும் போல இருக்கு. கோயில்ல நூலும் கட்டியாச்சு.”

“உள்ள டாக்டர் என்னதான் சொன்னாரு?”

“நெஞ்சுல ஒண்ணும் இல்லயாம். பயந்தான் அப்படி வருதாம். ஒரேயடியா ஏறி, தானா எறங்கிருமாம். உசுர எடுக்காதாம். மருந்து தந்து, மறுபடி வரச் சொன்னாரு.”

“அப்புறமென்ன?”

“அவரு சொல்றப்ப நல்லாத்தான் இருக்கு. புள்ள இஸ்கூலுக்குப் போன பொறகு, தனியா இருக்கறப்ப வந்தா?”

“சுவத்தத் தட்டு. நமக்கு நடுவுல ஒரு சுவருதானே? நானும் இந்தப் பக்கம் தட்டுறேன். எறங்குற வரைக்கும் தட்டிக்கிட்டே இருப்போம்.”

அம்மா இறந்ததிலிருந்து எனக்கும் அப்படித்தான் வருகிறது. அது பயம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

எங்கள் வீடும் தோட்டத்தில்தான்; சுவரோடு சுவர் ஒட்டிய லயத்து வரிசையில் கடைசி வீடு. பக்கத்து வீட்டுக்காரர்கள் கொழும்புக்குப் போய்விட்டார்கள். அந்த வீடு பூட்டிக் கிடக்கிறது.