ஆறு துப்பாக்கிக்கும் ஒரே கையெழுத்து

என் பெயர் சின்னம்மை. வயது நாற்பத்தைந்து. காலஞ்சென்ற காத்தமுத்துவின் மனைவி. கூடலூர் தாலுகா, தேவர்சோலையை அடுத்த தேயிலைத் தோட்டத்தில் ஏழாம் லயத்து வரிசை வீடுகளில் மூன்றாவது காம்பராவில் மகள் கோகிலவாணியுடன் குடியிருக்கிறேன். சிலோனில் மூன்றாம் வகுப்பு வரை படித்தேன். எழுத்துக் கூட்டி வாசிப்பேன், கையெழுத்துப் போடுவேன். இன்று 14.11.2001 கோட்டாட்சியர் அவர்கள் முன்பு ஆஜராகி, கேட்டதற்கும் கேட்காததற்கும் சேர்த்துச் சொல்வதாவது:

என் கணவர் பதினெட்டு வருஷம், தேயிலைச் செடியை வெட்டிவிடும் கவ்வாத்து வேலைக்குக் கங்காணியாக இருந்தார். காலையில் பெரட்டுக்களத்தில் ஆள் எண்ணியதும், தன் கீழ் வேலை செய்கிறவர்களுக்கு வேண்டிய கவ்வாத்துக் கத்திகளை எல்லாம் ஸ்டோரில் அவரே மொத்தமாக வாங்குவார். இருபது கத்தி என்றாலும் புத்தகத்தில் அவர் கையெழுத்து ஒன்றுதான் இருக்கும். சாயங்காலம் அவரே எண்ணி ஒப்படைப்பார். ஒரு கத்தி குறைந்தால் வேலையாளை யாரும் கேட்கமாட்டார்கள், கங்காணியைத்தான் கேட்பார்கள். எல்லாத் தோட்டத்திலும் அதுதான் வழக்கம்.

போன வருஷம் தேயிலை விலை விழுந்து ஃபேக்டரியை மூடிவிட்டார்கள். கவ்வாத்தும் நின்றது. அதன் பிறகு இந்த வருஷம் ஏப்ரல் மாதம் கோயம்புத்தூரில் செக்யூரிட்டி கம்பெனி வைத்திருக்கும் லிங்கசாமி என்பவர் ஜீப்பில் பெரட்டுக்களத்துக்கு வந்து, "ஏனுங்க கங்காணி, பேங்க் காவலுக்கு ஆறு ஆள் வேணுமுங்க, நீங்களே பார்த்துக் கூட்டியாங்க" என்று கேட்டார். துப்பாக்கி சுடப் பழகிய சர்ட்டிபிகேட் இருந்தால்தான் பேங்கில் எடுப்பார்களாம். நேபாளத்தில் ஓய்வு பெற்ற பட்டாளத்துக்காரர் ஒருவர் இருபது நாள் பயிற்சி கொடுக்கிறார், ஆனால் அங்கே துப்பாக்கி கிடையாது, நம் துப்பாக்கியை நாமே கொண்டு போக வேண்டும் என்றும் சொன்னார். நான் அப்போது பக்கத்தில் நின்றேன். என் காதால் கேட்டேன்.

அன்றைக்கே நான் என் கணவரிடம், "நாம சிலோன்லேர்ந்து கப்பலேறி வரையிலே அம்மிக் குழவியக்கூட எழுதிக்கிட்டுத்தான் விட்டாங்க. துப்பாக்கிக்குக் கடுதாசி வேணாமா?" என்று கேட்டேன். மறுநாள் அவர் அதை லிங்கசாமியிடம் கேட்டார். அதற்கு அந்த ஆள் சிரித்துக்கொண்டு, "நேபாளமெல்லாம் வெளிநாடே இல்லீங்க, பாஸ்போர்ட்டே வேண்டாமுங்க. நானே முன்னாடி போயி எல்லையில நிக்கறேன், போதுங்களா?" என்று சொல்லி, கம்பெனி சீல் வைத்த இங்கிலீஷ் கடிதம் ஒன்றைக் கொடுத்தார்.

அதன் பிறகு ஜூலை 2-ந் தேதி என் கணவரும் எங்கள் லயத்துப் பாண்டியனும் மற்ற நால்வரும் கோயம்புத்தூர் போனார்கள். அங்கே நடந்ததும் எல்லையில் நடந்ததும் பாண்டியன் என்னிடம் சொன்னவை. கம்பெனியில் ஆறு இரட்டைக்குழல் துப்பாக்கிகளை மேசை மேல் வைத்து, தலைக்கு ஒரு கையெழுத்துப் போடச் சொல்லியிருக்கிறார்கள். என் கணவர், "பயலுகளுக்கு எதுக்குங்க, எல்லாத்துக்கும் நானே போட்டுர்றேன்" என்று சொல்லி ரிஜிஸ்டரில் ஆறுக்கும் சேர்த்து ஒரே கையெழுத்துப் போட்டிருக்கிறார். கத்தி வாங்குகிற மாதிரியே வாங்கியிருக்கிறார். லிங்கசாமி, "கங்காணின்னா கங்காணிதானுங்க" என்று முதுகில் தட்டினாராம். அப்படித்தான் துப்பாக்கிகளைக் கொடுத்தனுப்பினார்கள்.

அதன் பிறகு ரயிலில் கோரக்பூர் போய், பஸ்ஸில் சோனாலி என்ற எல்லை ஊருக்குப் போயிருக்கிறார்கள். லிங்கசாமி அங்கே இல்லை. இந்தப் பக்கத்தில் துப்பாக்கி மூட்டையை யாரும் பிரிக்கவில்லை. அந்தப் பக்கத்துப் போலீஸ் பிரித்துப் பார்த்து, நேபாள சர்க்கார் அனுமதி எங்கே என்று கேட்டிருக்கிறார்கள். கம்பெனிக் கடிதத்தை உள்ளே கொண்டு போனவர்கள் திருப்பித் தரவில்லை. துப்பாக்கிகள் யாருடையவை என்று கேட்டபோது, பாண்டியன் தனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் கம்பெனியுடையவை என்று சொல்ல வாயெடுத்திருக்கிறான். என் கணவர் அவனைத் தள்ளிவிட்டு, நெஞ்சில் கை வைத்துக் காட்டி, "ஆறும் என் கையெழுத்து. இவனுகளுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லுடா" என்றிருக்கிறார். ஐந்து பேரை மூன்றாம் நாள் விட்டார்கள். அவரை விடவில்லை.

பத்தொன்பதாம் நாள் நெஞ்சுச்சளி முற்றி ஜெயிலில் இறந்துவிட்டதாகத் தந்தி வந்தது. உடம்பை அங்கேயே எரித்துவிட்டார்கள். ஒரு மாதம் கழித்துத் தபாலில் அவருடைய கம்பளித் தொப்பி வந்தது. அதை நான் துவைக்கவில்லை.

அதன் பிறகு நானும் மகளும் கோயம்புத்தூர் போய் லிங்கசாமியைப் பார்த்தோம். "அந்தாளு எங்க கம்பெனியே இல்லீங்களே, துப்பாக்கியத் திருடிட்டுப் போயிட்டாருன்னு நாங்க புகார் குடுத்திருக்கோமுங்க" என்றார். புகார் தேதி ஜூலை 9. எங்கள் ஆட்கள் பிடிபட்டது ஜூலை 7. இதைக் கோட்டாட்சியர் அவர்கள் எழுதிக்கொள்ள வேண்டுகிறேன். கூடப் போனவர்களில் நாலு பேருக்கு இப்போது அதே கம்பெனியில் வேலை. அவர்கள் என்னைப் பார்த்தால் வேறு பாதையில் போகிறார்கள். வேலை வேண்டாம் என்று சொன்னவன் பாண்டியன் ஒருவன்தான்.

அதன் பிறகு விசாரணைக்கு வந்த இன்ஸ்பெக்டர், "சிலோன்காரங்கதானே நீங்க? யாருக்கும்மா கொண்டு போனாரு?" என்று கேட்டார். "சிலோன் தெக்கே இருக்குங்க ஐயா, அவரு போனது வடக்கே. மலையில இத்தனை வருஷம் நடந்த மனுசனுக்குத் திசை தெரியாதா?" என்றேன். கூட வந்த பெண் ஏட்டு வேலாமணி முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. ஏற்கெனவே எழுதிக் கொண்டு வந்திருந்த தாளை நீட்டினார். என் கணவர் எனக்குத் தெரியாமல் துப்பாக்கிகளைத் திருடிக்கொண்டு எல்லை தாண்டினார் என்று அதில் இருந்தது. எழுத்துக் கூட்டி வாசிக்க எனக்கு நேரமானது. அதுவரைக்கும் அவர் பேனாவை மூடாமல் வைத்திருந்தார். நான் கையெழுத்துப் போடவில்லை.

திருடப் போகிறவன் ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டுவிட்டா எடுப்பான்? அந்த ரிஜிஸ்டரை இதுவரை ஒருவரும் கேட்டு வாங்கவில்லை. ஐப்பசியில் லிங்கசாமி எங்கள் லயத்துக்கே வந்து, மகளுக்கு ஆபீஸ் வேலை தருவதாகச் சொன்னார். நீங்கள் தந்த வேலைக்கு ஏற்கெனவே எங்கள் வீட்டிலிருந்து ஓர் ஆளைக் கொடுத்துவிட்டோம் என்று மகள் சொல்லிக் கதவைச் சாத்திவிட்டாள்.

ஆள் இறந்துவிட்டதால் கேஸ் முடிந்துவிடும், பிறகு உனக்குத் தொந்தரவு இல்லை என்று எல்லாரும் எனக்கு ஆறுதல் சொல்கிறார்கள். எனக்கு அந்த ஆறுதல் வேண்டாம். கேஸ் முடிந்தால் அவர் திருடர் என்பதோடு முடியும். ஆகவே கேஸை மூட வேண்டாம். என் கணவர் பெயர் அதில் இருக்கட்டும். அதன் பக்கத்தில் லிங்கசாமி பெயரையும் எழுதி நடத்துங்கள். கூண்டில் நிற்க ஆள் இல்லை என்றால் தேதியைச் சொல்லுங்கள், நான் வந்து நிற்கிறேன்.

மேலே கண்டது என் வாயால் சொன்னது. இரண்டு தடவை வாசித்துக் காட்டக் கேட்டேன். துப்பாக்கிகளை "எடுத்துச் சென்றார்" என்று ஓரிடத்தில் எழுதியிருந்ததை, "கொடுத்தனுப்பினார்கள்" என்று மாற்றச் சொன்னேன், மாற்றினார்கள். மற்றதெல்லாம் உண்மை. இதில் ஒரு வார்த்தையையும் நான் திரும்பப் பெறப் போவதில்லை.

(ஒப்பம்)
கா. சின்னம்மை