சோயா நாற்றம் என்று சொல்லப்பட்டது குறித்து

என் பெயர் மா யங்சுன், வயது 61. இஞ்சோன் நகரில் போங் என்பவருக்குச் சொந்தமான பழைய செங்கல் கட்டடத்தின் முதல் மாடியில் குடியிருந்து வருகிறேன். இறந்துபோன தாக் ஹேரான், வயது 58, எனக்கு நேர் மேல் வீட்டில் தனியாக இருந்தவள்.

குளிர்காலத்தில் நான் சோயாவை வேகவைத்து, போர்வை சுற்றிப் புளிக்கவைத்துக் குழம்பு வைப்பது வழக்கம். ஹேரான் மூக்கைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, செத்த எலியவா போர்வைக்குள்ள தூங்க வைக்கிற?" என்பாள். "உன் வாய்க்கு அது தேவலடி" என்பேன். எங்களுக்குள் சண்டை கிடையாது.

இந்த ஜனவரியில் அவள் அடுப்படியில் நாற்றம் தாங்கவில்லை என்று, என் வீட்டு வாடை ஏறி வராமலிருக்க ஜன்னல் இடுக்கையெல்லாம் டேப் போட்டு அடைத்தாள். நான் போய் முகர்ந்து பார்த்து, இது கேஸ் என்று சொன்னேன். கம்பெனிக்கு போன் செய்யப் போன என்னை அவளே தடுத்தாள். "வாடகை ஒப்பந்தம் முடியப்போகுது அக்கா, காலி பண்ணச் சொல்லிடுவாரு." அதன்பிறகு வீட்டுக்காரர் போங்கிடம் போய், குழாய் பழசாகிவிட்டது, லைசென்ஸ் உள்ள ஆளைக் கூப்பிடுங்கள் என்று கேட்டேன். "மொதல்ல உன் சோயாவக் கொட்டு" என்றார். கொட்டினேன். நாற்றம் போகவில்லை. அதன்பிறகு அவரே வந்து, ஹேரான் அடுப்படியில் துருப்பிடித்த கேஸ் இணைப்பில் டேப்பைச் சுற்றிவிட்டு, "இதுக்கு எதுக்கு லைசென்ஸு?" என்று சொல்லிப் போனார். கேஸ் கசிகிறதா என்று சோப்பு நுரை தடவிக்கூடப் பார்க்கவில்லை.

மறுநாள் சாயங்காலம் ஹேரான் போன் செய்தாள். "என்னாலதான கொட்டுன? கடையில புளிச்ச சோயா வாங்கிட்டேன், அதே குழம்ப நான் வைக்கிறேன். மேல வா." உனக்கு உப்புப் போடத் தெரியாதே என்று சொல்லிவிட்டு, கிம்ச்சி கிண்ணத்தோடு படியேறினேன். பாதிப் படியில் இருக்கும்போது வெடித்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியில் அவள் உயிர் போய்விட்டது.

அதன்பிறகு லைசென்ஸ் உள்ள குழாய்க்காரர் வந்து, போலீசார் முன்னிலையில் டேப்பைப் பிரித்தார். துரு உதிர்ந்தது. என் வீட்டுக் குழாயையும் மாற்றி, நுரை தடவிச் சரிபார்த்தார். எல்லாவற்றுக்கும் ஒரு மதியப் பொழுதே ஆனது. அதைப் பார்த்துக்கொண்டு நிற்க என்னால் முடியவில்லை.

அடுப்படியில் கிடந்த பொருள்களை அடையாளம் காட்டச் சொன்னார்கள். சட்டி அவளுடையது. ஃப்ரிட்ஜில் இருந்த சோயாப் பொட்டலம் பிரிக்கப்படவே இல்லை. ஆகவே அன்று அந்த வீட்டில் நாறியது சோயா இல்லை. இதைத் தவறாமல் எழுதிக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். நாறியது சோயா இல்லை என்று ஹேரான் கடைசிவரை நம்பவில்லை.

எழுதியதை வாசிக்கக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது, அத்தனையும் உண்மை.

(ஒப்பம்) மா யங்சுன்