கார்த்திகேசு கொண்டுவந்த போத்தல்

— மூணு தடவ பாத்துட்டேன் கார்த்திகேசு. ஒண்ணுகூட அசையல லா.

— நல்லாப் பாத்தீங்களா லூர்துசாமி அண்ணே?

— சேசுவே! ஈப்போவுக்கு வந்த நாளா இந்த கிளினிக்கு மைக்ராஸ்கோப்புலதான் கண்ண வச்சிருக்கேன். பதினோரு வருஷம். என்னப் போயி கேக்குறியே! தலை இருக்கு, வாலு இருக்கு, உசுரத்தான் காணோம். சிவப்புச் சாயம் விட்டுப் பாத்தேன். உசுரோட இருக்குறது சாயத்த உள்ள விடாது, செத்ததுதான் குடிக்கும். உன்னோடது அத்தனையும் வெத்தல போட்ட வாயாட்டம் செவந்து கெடக்கு.

— அப்ப கொற இவருகிட்டதான்னு எழுதிக் குடுத்துருவீங்களாண்ணே?

— இரு செல்லாயி. உன் புருசனோடது செத்துப்போச்சுங்கிறேன், நீ என்னமோ லாட்டரி விழுந்தாப்புல கேக்குற?

— சும்மா கேட்டேண்ணே. கிளினிக்கு முத்திர குத்திக் குடுப்பீங்கல்ல? நல்லா அழுத்திக் குத்துங்க.

— முத்திரைக்கு என்ன அவசரம்?

— என் மாமியா நல்லம்மாள மறந்துட்டீங்களா? ரிப்போட்டு வரட்டும்னு எஸ்டேட்டு லயத்து வாசல்லயே குந்தியிருக்கு. ஏழு வருஷமா ஒரே பேச்சுண்ணே. ‘என் மவன் சிங்கம், கொற ஒங்கிட்டதான்’. இன்னிக்கு இவருது நல்லாருக்குன்னு பேப்பரு வந்துச்சுன்னா, என்ன எங்கம்மா வீட்டுக்கு அனுப்பிட்டு, சிலிம் ரிவர்ல இருக்குற அது தம்பி மவள இவருக்குக் கட்டி வைக்கப்போகுதாம். சேலகூட எடுத்தாச்சு. அரக்குக் கலரு.

— அம்மா சேல எடுத்தா நான் தாலி கட்டிருவேனா புள்ள?

— கட்டமாட்டேன்னு ஒரு தடவ அதுகிட்ட சொன்னீங்களா? அது இருமுனாலே எந்திரிச்சு நிக்கிற ஆளு நீங்க.

— அதுல பாருங்கண்ணே, அம்மா முன்னால எனக்கு வாயே வராது.

— தெரியாதா எனக்கு? ஒரே லயத்துல வளந்தவன்யா நான். சரி, அத விடு. எனக்கு வேற ஒரு சந்தேகம். நீ கொண்டாந்த போத்தல் மூடியத் தொறந்தேன், நெடி மூக்குல ஏறிருச்சு. கண்ணுல பொலபொலன்னு தண்ணி. எத்தனையோ ஆம்பளைங்க போத்தலு பாத்தாச்சு, ஒருத்தனோடதும் இப்படி அடிச்சதில்ல. என்னய்யா அது?

— அதுல பாருங்கண்ணே…

— அதுலதான்யா பாத்தேன்! நீ வாயத் தொற.

— ஒரு சொட்டு அமோனியா.

— என்னது!

— நான் பால் ஸ்டோர்ல இருக்கேன்ல? ரப்பர் பால் உறைஞ்சுறக் கூடாதுன்னு வாளியில அமோனியா ஊத்துவோமே. இதுவும் வெள்ளையாத்தான் இருந்துச்சு. கோலா கங்சார் பக்கத்துலேர்ந்து பஸ்ஸு வந்து சேர ஒன்றரை மணி நேரம். வழியில கட்டிப்போச்சுன்னா என்ன பண்றது?

— சேசுவே, மரியே! ரப்பர் ஷீட்டு போடவாய்யா கேட்டேன்? அது தானாவே கட்டும், அரை மணி நேரத்துல தானாவே இளகும். ஆண்டவன் அதுக்குள்ளயே எல்லா மருந்தும் வச்சுத்தான் அனுப்புறான். உன் அமோனியாவுல என்ன பொழைக்கும்?

— எனக்கென்னண்ணே தெரியும், அஞ்சாங் கிளாஸோட நின்னவன்.

— இங்கயே ரூமுல குடுன்னு தலையால அடிச்சுக்கிட்டேன். கேட்டியா?

— கதவுக்கு அந்தாண்டயே நர்ஸம்மா கத்தரின் உக்காந்திருக்காங்கண்ணே. மாலு லா, வெக்கமா இருக்கு.

— அண்ணே, போனது போவட்டும். நீங்க பாக்குறப்ப செத்துதானே கெடந்துச்சு? அதையே எழுதிக் குடுத்துருங்களேன்.

— ஆமாண்ணே, புள்ள சொல்றது சரி. திரும்ப ஒரு தடவன்னா உங்களுக்கும் வேல கெட்டுப்போவும்.

— ரெண்டு பேருக்கும் என்ன வந்துச்சு? இங்க பாரு செல்லாயி, போன மாசம் உனக்கு எடுத்த எக்ஸ்ரே என்ன சொல்லுச்சு?

— கருப்பைக்குப் போற குழா ரெண்டும் அடைச்சிருக்குன்னு.

— மாமியாகிட்ட சொன்னியா?

— சொல்லிருந்தா இந்நேரம் நான் எங்கம்மா வீட்டுல இருப்பேன். இவருக்கு மட்டுந்தான் தெரியும்.

— சரி, நல்லாக் கேளுங்க ரெண்டு பேரும். அஞ்சு வருஷத்துக்கு முந்தி இங்கிலாந்துல, உன்னாட்டமே குழா அடைச்ச ஒரு பொம்பளைக்கு டாக்டருங்க என்ன பண்ணாங்க தெரியுமா? வயித்துலேர்ந்து முட்டைய எடுத்து, ஒரு கண்ணாடித் தட்டுல புருசனோடதையும் விட்டு, கரு புடிச்சதும் திரும்ப அந்தம்மா வயித்துக்குள்ளயே வச்சாங்க. பொண்ணு பொறந்துச்சு. போன மாசம் சிங்கப்பூர்லயும் ஒரு பையன், பேப்பர்ல வந்துச்சே!

— தட்டுலயா? அப்ப குழாயே வேணாமா?

— குழாயச் சுத்திக்கிட்டுப் போற பாததான் அது. நம்ம டாக்டரு உங்க பேர சிங்கப்பூருக்கு எழுதலாம்னு இருக்காரு. பத்துப் பேருக்குப் பண்ணா ஒருத்தருக்குத்தான் நிக்கிது, அதையும் சொல்லிர்றேன். ஆனா புருசனோடது உசுரோட இருந்தாத்தான் பேச்சே. எல்லாம் செத்துப்போச்சுன்னு எழுதி வச்சிருக்கேனே, இத நான் அனுப்புனா ஃபைல மூடிருவாங்க.

— அய்யய்யோ! இத ஏண்ணே முன்னாலயே சொல்லல?

— உன் புருசன் அமோனியா ஊத்துவான்னு எனக்கு எப்படித் தெரியும்? கார்த்திகேசு, இந்தா புதுப் போத்தல். கத்தரின கொப்பி குடிக்க அனுப்பிட்டேன். ரூமுக்குப் போ.

— இப்பவேயாண்ணே?

— போங்கங்க! நிக்கிறாரு பாரு!

— …

— வந்துட்டியா? குடு. கழுத்துவரைக்கும் வேர்த்திருக்க, பத்து ஏக்கர் பால் வெட்டுன மாதிரி. போயி உக்காரு, அது இளக அரை மணி நேரமாவும்.

— …

— செல்லாயி, வா இப்படி. ஒத்தக் கண்ண மூடிக்கிட்டு இதுக்குள்ள பாரு.

— அம்மாடி! நெளியுதுண்ணே! தலைப்பிரட்டையாட்டம், எத்தன! இங்க ஒண்ணு நின்ன எடத்துலயே சுத்திச் சுத்தி வருது.

— அது இவன மாதிரி. அம்மாவச் சுத்துது.

— அண்ணே!

— மத்ததெல்லாம் நேராத்தான்யா ஓடுது. கவலப்படாத. சிங்கப்பூருக்கு இது போதும். இரு, அந்தப் பழைய ரிப்போட்டக் கிழிச்சுப் போட்டுர்றேன்.

— கிழிக்காதீங்கண்ணே!

— அய்யோ, வேணாங்கண்ணே!

— ஏன் ரெண்டு பேரும் சேந்து கத்துறீங்க? அது தப்பு ரிப்போட்டு லா.

— அதுல பாருங்கண்ணே… பதினெட்டு வருஷமா பால் ஸ்டோர்ல நிக்கிறேன். அமோனியா வைக்கிற ரூமுல ஈ எறும்புகூட இருக்காது. அது என்ன பண்ணும்னு எனக்குத் தெரியாதா?

— அடப்பாவி! தெரிஞ்சேதான் விட்டியா?

— கொற எங்கிட்டன்னு பேப்பரு சொல்லிட்டா, அம்மா இவள ஒண்ணும் சொல்ல முடியாது. நேரா நின்னு பேச எனக்குத் தைரியம் இல்லண்ணே. அதான் ஒரு சொட்டு விட்டேன். ஏழு வருஷமா இவ கையால தின்னுட்டேன், எனக்கு எதுக்குண்ணே இன்னொருத்தி?

— ஏங்க… இத எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?

— சொன்னா நீ விட்டிருக்கமாட்ட புள்ள.

— அழுவாத தங்கச்சி. புது ரிப்போட்டு டாக்டருக்குப் போவும். பழசும் பொய்யில்ல, நான் பாக்கையில செத்துத்தான் கெடந்துச்சு. இந்தா, குப்பத்தொட்டியில போட்டேன். யாரு எடுத்தா, யாரு உங்கம்மாகிட்ட காட்டுனா, எனக்குத் தெரியாது. நாளைக்கி புள்ள பொறந்தா என்னன்னு சொல்லுவ?

— முருகன் குடுத்தான்னு சொல்லிக்கிறேண்ணே.

— அவரு தலையிலயும் போடு. ஆனா ஒண்ணு மட்டும் நெசத்தச் சொல்லு கார்த்திகேசு. எத்தன சொட்டு விட்ட?

— ஒண்ணுதாண்ணே.

— பொய் சொல்லாத. ஒரு சொட்டுக்கு என் கண்ணுல அவ்வளவு தண்ணி வராது.

— சத்தியமா ஒண்ணே ஒண்ணுண்ணே! அந்த முருகன் மேல ஆணையா!

— அவரத் திட்டாதீங்கண்ணே. போத்தலத் துணியில சுத்துறேன்னு அடுப்படிக்கு எடுத்துட்டுப் போனது நாந்தானே? அரிசி டின்னுக்குப் பின்னால இவரு ஒளிச்சு வச்சிருந்த அமோனியாவுலேர்ந்து… மிச்ச மூணு சொட்டு நான் விட்டது.