நீலமூக்கு என்னிடம் கொடுத்துவைத்தவை

எனக்கு பில்லியர்ட்ஸ் ஆடத் தெரியாது சார். இருபத்திரண்டு வருஷமாக கிளப்பில் அந்த மேசைகளுக்குத் துணி இழுத்துக் கட்டுகிறேன், ரசமட்டம் வைத்துச் சமன் செய்கிறேன், பந்து எந்தப் பக்கம் நழுவும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். ஆனால் கோலைக் கையில் கொடுத்தால் தடுமாறிப்போவேன். அதனால் ஆட்டத்தில் போட்டி, பொறாமை என்றெல்லாம் எழுதிக்கொள்ளாதீர்கள்.

நீலமூக்கு என் மனைவியின் தம்பி. கோல் நுனியில் தேய்க்கிற நீலச் சாக்கட்டியைக் கையில் வைத்துக்கொண்டே யோசிப்பான், யோசிக்கும்போது மூக்கைத் தேய்ப்பான். முதல் ஆட்டம் முடிவதற்குள் மூக்கு நுனி நீலமாகிவிடும். அவனிடம் தோற்றவர்கள்கூட அவனைக் கட்டிப்பிடித்துவிட்டுத்தான் போவார்கள். "அண்ணே, கடைசியா ஒரு அடி அடிச்சீங்களே, அத நான் பழகணும்" என்பான். பேச்சுக்குச் சொல்கிறான் என்று நினைப்பீர்கள். மறுநாள் நிஜமாகவே நின்று அதையே பழகிக்கொண்டிருப்பான். இருபத்தாறு வயது. அவனைப் பிடிக்காத ஆள் ஒருவரைக் கண்டுபிடியுங்கள் பார்ப்போம். எனக்கும் அவன் என்றால் உயிர்.

ஆட வந்ததும் பாக்கெட்டைக் காலி செய்துவிடுவான். மேசைமேல் குனியும்போது எதுவும் குத்தக் கூடாது அவனுக்கு. போன், வண்டிச் சாவி, சீப்பு, கடைசியாக இன்ஹேலர். நான்கும் என் சட்டைப்பைக்கு வரும். சின்னதிலிருந்தே அவனுக்கு மூச்சிரைப்பு. "என் உயிரு உங்க பாக்கெட்டுல இருக்கு மாமா, தோச்சுப் போட்டுறாதீங்க" என்று சிரிப்பான். இருமல் கேட்டதும் நான் எழுந்துவிடுவேன். அவன் திரும்பிப் பார்க்க மாட்டான், கையை மட்டும் பின்னால் நீட்டுவான். உள்ளங்கையில் வைப்பேன். பதினோரு வருஷம் இப்படித்தான். வெளியூர்ப் போட்டிகளுக்கும் லீவு போட்டுவிட்டுக் கூடவே போனேன். அங்கெல்லாம் என் பெயர் யாருக்கும் தெரியாது. நீலமூக்கோட மாமா, அவ்வளவுதான். அது எனக்கு ஒரு குறையாகவே தெரிந்ததில்லை.

போன மாதம் பெரிய அணி ஒன்றில் அவனுக்கு இடம் கிடைத்தது. வீட்டில் எல்லோருக்கும் தலைகால் புரியவில்லை. சாப்பிடும்போது சொன்னான்: "இனிமே நீங்க என் பின்னாடி அலைய வேண்டாம் மாமா. அங்க டீம்லயே டாக்டர் இருக்காராம், கூடவே ஆளும் போடுவாங்களாம். நீங்க அக்காவோட நிம்மதியா இருங்க."

நல்ல மனசோடுதான் சொன்னான். "பாருங்க, உங்களுக்கு விடுதலை" என்று என் மனைவி சிரித்தாள். நானும் சிரித்தேன். பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவப் போய்விட்டேன்.

ஒரே ஒரு தடவை அவன் என்னைத் தேட வேண்டும் என்று ஆசைப்பட்டேன் சார். கையை நீட்டி, கை காலியாகவே இருந்து, திரும்பிப் பார்க்க வேண்டும். அதற்குமேல் நான் எதையும் நினைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அவனுக்கு வழியனுப்பு ஆட்டம். அந்த மேசைக்கு முந்தின நாள்தான் புதுத் துணி போட்டிருந்தேன். புதுத் துணியிலிருந்து பஞ்சு பறக்கும், அது அவனுக்கு ஆகாது. பழைய துணி இன்னும் ஆறு மாதம் தாங்கியிருக்கும். விசேஷ ஆட்டமாயிற்றே, பார்வையாக இருக்கட்டும் என்று மாற்றினேன்.

மூன்றாவது ஆட்டத்தில் இருமல் ஆரம்பித்தது. டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிவிட்டு எதிர்க்கடைக்குப் போனேன். நான்கு பொருளும் என் பையில்தான் இருந்தன. கிளப் கவுன்ட்டர் டிராயரில் எப்போதும் அவனுக்காக இன்னொரு இன்ஹேலர் இருக்கும், கிளப் மேனேஜர் எடுத்துக் கொடுப்பார் என்பதால் பெரிதாகப் பயமில்லை. கடையிலிருந்து பார்த்தால் கிளப்பின் கண்ணாடி தெரியும். அவன் கையைப் பின்னால் நீட்டினான். நீட்டியபடியே நின்றான். பிறகு திரும்பிப் பார்த்தான். "மாமா எங்க" என்று அவன் வாய் அசைந்தது. நான் ஆசைப்பட்டது அப்படியே நடந்தது. அப்போதே போயிருக்க வேண்டும். டீ சூடாக இருந்தது, குடித்து முடித்துவிட்டுப் போனேன். ஓடித்தான் போனேன், டீக்கடைக்காரரைக் கேளுங்கள். மேனேஜர் டிராயரில் இருந்ததை எடுத்துக் கொடுத்துத்தான் இருந்தார். அது பலிக்கவில்லை. என் மடியில்தான் போனான். மூக்கு நீலமாகவே இருந்தது, துடைக்க எனக்கு மனசு வரவில்லை.

அன்றிலிருந்து அந்த மேசையில் யாரும் ஆடுவதில்லை. வருகிறவர்கள் ஆளுக்கொரு நீலச் சாக்கட்டி வைத்துவிட்டுப் போகிறார்கள். நான் போட்ட துணியே இப்போது தெரியவில்லை. வைத்துவிட்டு நேராக என்னிடம் வந்து, கையைப் பிடித்துக்கொண்டு அழுகிறார்கள். என் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்கிறார்கள். நானும் அழுகிறேன். நடிப்பில்லை சார். பஸ்ஸில் யாராவது இருமினால்கூட எழுந்து நிற்கிறேன், கை தானாகச் சட்டைப்பைக்குப் போகிறது.

என் மனைவி அவளுடைய துக்கத்தை விட்டுவிட்டு என்னைத் தேற்றிக்கொண்டிருந்தாள். "அஞ்சு நிமிஷம் டீ குடிக்கப் போனதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க" என்று தலையைத் தடவிக்கொடுத்தாள். நேற்று அவன் சாமான்களை மேனேஜர் கொண்டுவந்து கொடுத்தார். டிராயர் இன்ஹேலரும் அதில் இருந்தது. அவள் அதை உள்ளங்கையில் வைத்து ஒருமுறை அழுத்தினாள். ஒன்றும் வரவில்லை. திருப்பி, இன்னும் எத்தனை அழுத்தம் மிச்சம் என்று பின்னால் காட்டும் எண்ணைப் பார்த்தாள். பூஜ்யம்.

"இது நான் வெள்ளிக்கிழமைதானே புதுசா வாங்கிக் குடுத்தேன்? நீங்கதானே கொண்டுபோய் டிராயர்ல வெச்சீங்க?" என்றாள். காலையில் நான் ஸ்டேஷனுக்குக் கிளம்பியதும் பின்னாலேயே வந்துவிட்டாள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பது அவள்தான். அவளுக்கு நீங்களே பதில் சொல்லிவிடுங்கள் சார், என்னால் முடியாது.

புதிதாக வாங்கிய மருந்தை அப்படியே டிராயரில் போட்டுவிட முடியுமா? வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டாமா? அதற்காகத்தான் துணி மாற்றிய அன்று கிளப்பின் பின்னறையில் கதவைச் சாத்திக்கொண்டு அழுத்திப் பார்த்தேன். ஒரு இன்ஹேலரில் இருநூறு அழுத்தம் இருக்கும். கட்டைவிரல் இன்னும் வலிக்கிறது. இருநூறு தடவையும் நன்றாகத்தான் வேலை செய்தது.